ஓட்ஸ் வகையையும் குறிப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் சமையல் பகுதியில் வெறுமனே 'ஓட்ஸ் ஒரு கப்' என்று எழுதுவது, எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் மளிகைக் கடையில் கிடைப்பதை வாங்கிச் சமைக்கும் வாசகர்களுக்குப் போதவில்லை. பெரிய அவலாக இருக்கும் ஓட்ஸ், விரைவில் வேகும் ஓட்ஸ், வெந்நீர் ஊற்றினாலே குழையும் உடனடி ஓட்ஸ் ஆகிய மூன்றும் அடுப்பில் ஒன்றுபோல் இருப்பதில்லை. விரைவில் வேகும் வகை, தானியத்தைத் துண்டாக்கி, ஆவியில் வேகவைத்து, மெல்லியதாகத் தட்டையாக்கியது என்பதால் நீரைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது.

உப்புமாவுக்கு அதை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, தாளிப்பில் சேர்த்து, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துக் கிளற வேண்டும். ரவைக்கு ஊற்றுவதுபோல் ஊற்றினால் களியாகிவிடும். பொடித்து அரிசி மாவோடு கரைத்த தோசை மாவும் சற்று நேரத்திலேயே இறுகிவிடுவதால், வார்க்கும்முன் மீண்டும் நீர் சேர்க்க வேண்டும். தீபாவளி பிஸ்கட்டுக்கோ இவ்வகையே மிகப் பொருத்தம் என்பேன். பெரிய அவலைவிட மாவோடு நன்றாக ஒட்டிக்கொள்வதால் பிஸ்கட் எளிதில் உதிராது.

ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கன் என்னும் நார்ச்சத்து, நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் சேர்ந்தால் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுகிறது. ஆனால், நீரிழிவு மிகுந்துள்ள நம் சமூகத்தில், சீனி கலந்த உடனடிப் பொட்டலங்களையும் அதே நம்பிக்கையோடு வாங்குகிறார்கள் என்பது கவலையளிக்கிறது.

ஆகவே, இனி வெளியிடும் குறிப்புகளில் ஓட்ஸின் வகையையும் நீரின் அளவையும் தவறாமல் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, சுங்கை சிப்புட், பேராக்