நாற்பது நிமிடம்: சக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியர்களே,

வணக்கம். நேரம் போதவில்லை, பாடம் முடியவில்லை என்று ஆண்டு முழுவதும் ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கையில் இருக்கும் நாற்பது நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒரு வாரம் என் வகுப்பில் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தேன். வருகைப்பதிவு, நோட்டுகளைத் திரட்டுதல், பலகையைத் துடைத்தல் என்று தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போயிற்று. மணியடிக்கும் முன்பே பைகள் மூடப்பட்டதில் கடைசி மூன்று நிமிடம் போயிற்று. வாரத்துக்கு ஐந்து வகுப்பு என்றால், இந்த எட்டு நிமிடங்களே ஒரு முழுப் பாடவேளையாகின்றன. ஆனால் என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. கடைசி வரிசை மாணவி ஒருத்தி, ஓரத்தில் கோடு போட்டு, கேள்வி எண்ணுக்கு வட்டமிட்டு, பலகையில் இருந்த கணக்குகளை ஏழு நிமிடம் பார்த்தெழுதினாள். அவற்றைப் போட அவளுக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அமைதியாகக் குனிந்து எழுதுகிற பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறாள் என்றே நான் இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

ஒருவருக்குக் கற்கத் தேவைப்படும் நேரத்தில் எவ்வளவை அவர் மெய்யாகவே கற்பதில் செலவிடுகிறார் என்பதைப் பொறுத்தே கற்றல் அமைகிறது என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜான் கரோல் 1963-இல் எழுதினார். கால அட்டவணையில் உள்ள நேரம் வேறு, மாணவர் மனம் பாடத்தில் நிற்கும் நேரம் வேறு.

இப்போது மாணவர்கள் உள்ளே வரும்போதே நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்விகள் பலகையில் இருக்கும். அவர்கள் நோட்டைப் பார்க்காமல் விடை எழுதும் நேரத்தில் நான் வருகைப்பதிவை முடித்துவிடுகிறேன். கணக்குகளை அச்சிட்ட தாளில் கொடுத்துவிடுகிறேன். இந்த வகுப்பு முடியும்போது மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதிக்கொண்ட பிறகே பாடக்குறிப்பைத் தொடங்குகிறேன்.

நேரத்தைப் பயனுறச் செலவிடுங்கள் என்றால் வேகமாக நடத்துங்கள் என்று பொருளல்ல. வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்ததைக் கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அந்த மௌனத்தைத் தாங்குவது எளிதல்ல, விடையை நாமே சொல்லிவிடத் தோன்றும், தயவுசெய்து பொறுங்கள்.

இதைப் படிக்கும் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றறிக்கையோடு ஒருவர் வகுப்பின் நடுவே வந்து நிற்கும்போது, அவர் நின்ற இரண்டு நிமிடம் மட்டுமல்ல, கலைந்த கவனம் மீண்டும் கூடும் நேரமும் சேர்ந்தே போகிறது. அவசரமில்லாத அறிவிப்புகளைக் காலைக் கூட்டத்துக்கோ இடைவேளைக்கோ மாற்றிக் கொடுங்கள். தொடக்க நிமிடங்களையும் கடைசி நிமிடங்களையும் மீட்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஓர் ஆசிரியர்