ஆலம்பாடிக் காளைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரியில் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. கம்பியில் செய்த காளையைச் சுற்றிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது, "இதை நீங்க ஒருத்தரே செஞ்சீங்களா?" என்றுதான். இல்லை என்று அங்கேயே சொன்னேன். யார் யார் என்ன செய்தார்கள் என்று விரிவாகச் சொல்ல அப்போது நேரம் கிடைக்கவில்லை, அதற்காகத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி, பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டும் அண்ணனுக்கு. கோடை வந்தால் நம் பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் எரிந்துபோய் அவர் கடை வாசலில் வரிசையாக நிற்கும். எரிந்த காயிலைத் தீ வைத்து உருவுவது சுலபம். ஆனால் கம்பி மேல் பூசிய எனாமல் கருகும் புகை உடம்புக்கு ஆகாது. அண்ணன் எனக்காக ஒரு பக்கத்துச் சுருளை உளியால் வெட்டிவிட்டு, மறுபக்கத்திலிருந்து கொத்துக் கொத்தாக இழுத்துக் கொடுத்தார். பழைய செம்பை எடைக்குப் போட்டால் அன்றைக்கே காசு. அதை எனக்கென்று ஒரு சாக்கில் சேர்த்துவைத்து, பழைய இரும்புக்கடை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

செம்பின் குணத்தைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். வளைக்க வளைக்கச் செம்பு இறுகிக்கொண்டே போகும், அதற்கு மேல் வளைத்தால் முறிந்துவிடும். எனாமலை உப்புத்தாளால் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு, கம்பியை நெருப்பில் காட்ட வேண்டும். கடையின் நிழலான மூலையில் நின்று காட்டினார். "வெயில்ல நின்னா நிறம் தெரியாது. இதோ, மங்கலாச் சிவக்குது பார், அவ்வளவுதான்" என்று சொல்லித் தண்ணீரில் போட்டார். எஃகு என்றால் இப்படிச் செய்தால் விறைத்துப் போகும். செம்பு மறுபடி நூல் மாதிரி இளகிவிட்டது. காளையின் கழுத்துக்குக் கீழே அலைதாடி மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது என்று பலரும் தொட்டுப் பார்த்தார்கள். அந்த மூலையில் கற்ற பாடம்தான் அது.

உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டை 8 மி.மீ. முறுக்குக் கம்பியில் கட்டிக் கொடுத்தவர், காரிமங்கலத்துப் பக்கம் கட்டட வேலைக்குக் கம்பி கட்டும் மேஸ்திரி. வெல்டிங்கே இல்லாமல் 18 கேஜ் கட்டுக்கம்பியிலும் கொக்கியிலும் மொத்தத்தையும் முடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்தவர் அவர்.

பென்னாகரத்துப் பெரியப்பாவைச் சொல்லாமல் இந்த மடல் நிறையாது. ஆலம்பாடி நம் மண்ணின் மாடு. அதை இன்னும் வீட்டில் கட்டி வளர்ப்பவர்கள் குறைந்துவிட்ட காலத்தில், தன் காளையை என் முன்னால் நிறுத்திக் கையைப் பிடித்து அதன் நெற்றியில் வைத்தார். "கொம்பு பக்கத்துக்கு ஒண்ணா விரியாதும்மா. ரெண்டும் நெருங்கி முளைச்சு, பின்னாடி சாஞ்சு, அப்புறம்தான் மேல எழும்பும்" என்றார். கொம்பின் அடி வெதுவெதுப்பாக இருந்தது, வரி வரியாக விரலில் தட்டியது. அந்த வரிகளுக்காகத்தான் 22 கேஜ் செம்பை, அதாவது சுமார் 0.7 மி.மீ. கனமுள்ளதை, கொம்பின் அடியில் நெருக்கமாகச் சுற்றினேன்.

வயிறுதான் பெரிய கவலையாக இருந்தது. கம்பி வலைக்கு உள்ளே ஒன்றும் கிடையாது, அவ்வளவு பெரிய வயிறு தொங்கிவிடக் கூடாது. அதற்கு வழி சொன்னவர்கள் ஒகேனக்கல்லில் பரிசல் முடையும் அண்ணனும் அண்ணியும். மூங்கில் பத்தைகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நடுவில் கல் ஏற்றி, நுனிகளை மேலே வளைத்து விளிம்பில் கட்டுவார்கள். "பத்தை விரியப் பாக்கும், விளிம்பு விடாது. அந்த இழுபறிலதான் பரிசல் நிக்குது" என்றார் அண்ணி. சரி, அப்படியே செய்வோம் என்று விலாக் கம்பிகளை வெளிப்பக்கம் விரியும்படி வளைத்து, முதுகிலும் அடிவயிற்றிலும் ஒவ்வொரு வளையத்தால் இறுக்கிக் கட்டினேன். ஏற்றி இறக்கியும் வயிறு அசையவில்லை. ரூத் அசாவா என்ற அமெரிக்கச் சிற்பி 1947-இல் மெக்சிகோவின் டொலூகாவில் கம்பிக்கூடை பின்னுபவர்களிடம் கற்ற கண்ணிப் பின்னலை வைத்துப் பல ஆண்டுகள் சிற்பம் செய்தார். அவரைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து பத்தையை வளைத்த பிறகுதான் அவர் அங்கே என்ன கற்றிருப்பார் என்று எனக்குப் புரிந்தது. சிற்பிக்கு ஆசிரியர் கலைக்கல்லூரியில் மட்டும்தான் கிடைப்பார் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

கல்லூரி ஆசிரியர்களுக்கும் நான் கடன்பட்டவள்தான். எங்களைச் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்குக் கூட்டிப்போய், சிற்பி பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டின் மேல் கம்பியைக் கோடாக ஓட்டியிருக்கும் விதத்தைக் காட்டியவருக்கு என் வணக்கம். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களுக்கு எதிரே உட்கார்ந்து வரைய விட்ட ஊழியர்களுக்கும் நன்றி. ஆநிரைக்காக உயிரைக் கொடுத்தவர்களின் கற்கள் அவை. இந்த மண்ணில் மாடு என்றால் என்ன என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

கண்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா, நீங்கள் காளையின் பக்கத்தில் நின்று மயிலாடும்பாறையைப் பற்றிச் சொன்னதை நானும் ஓரமாக நின்று கேட்டேன். பர்கூர் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்த செய்தியைச் சொல்லி, "உங்க ஊர் இரும்புடா இது" என்றீர்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் கம்பியைப் பார்த்த பார்வையே வேறு.

காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாக ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்த குட்டியானைத் தம்பிக்கும், திண்ணை முழுக்கக் கம்பித் துணுக்கு கிடந்தும் முகம் சுளிக்காமல் காந்தத்தையும் துடைப்பத்தையும் எடுத்துவந்த அம்மாவுக்கும் நன்றி.

அண்ணி, உங்கள் மூங்கில் பிளக்கும் கத்தி என்னிடம்தான் பத்திரமாக இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். மீந்த செம்புக் கம்பியை ஐயாவின் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகிறேன். குறடு பிடிக்கச் சொல்லிக்கொடுக்க நானே வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கம்பிக்காரப் பெண்
தருமபுரி