ஒலிபெருக்கி அனுமதியில் தூரமும் சத்த அளவும் சேர்க்கக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

திருகோணமலை நகரில் விளையாட்டு மைதானம் ஒன்றை ஒட்டிய ஒழுங்கைகளில் குடியிருக்கும் நாங்கள் இந்த மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

திருவிழா, சுற்றுப்போட்டி, கடைத் திறப்பு என்று வருடம் முழுக்க எங்கள் பக்கம் ஸ்பீக்கர் பொக்ஸ் கட்டுகிறார்கள். விழாக்களை நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. காசு சேர்ப்பதும் பந்தல் போடுவதும் எங்கள் பிள்ளைகள்தான். அவர்களின் காது கெட்டுப்போகக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாதென்று 2007 இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அதனால் இரவில் நித்திரை கொள்ள முடிகிறது. ஆனால் காதுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். பகலில் எவ்வளவு சத்தம், எவ்வளவு கிட்ட என்று யாரும் பார்ப்பதில்லை.

போன சுற்றுப்போட்டியில் ஆளுயரப் பொக்ஸ் அடுக்கு ஒன்றைத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சர்பத் வாங்க வந்த சிறுவர்கள் அதற்கு நேர் முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் வரிசையில் நின்றார்கள். சவுண்ட் செட் பார்த்த பெடியன் காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பின்னேரம் கேட்டபோது, “காது இரையுது, படுத்தெழும்பினா சரியாயிடும்” என்றான்.

இரைச்சல் அடங்கிவிடலாம், சேதமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உட்காதிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள்தான் ஒலியை நரம்புக்குக் கடத்துகின்றன. அவை ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை, மருந்தும் கிடையாது. முதலில் கூர்மையான ஒலிகள் மங்கும். கூப்பிடுவது கேட்கும், சொல்வது விளங்காது. வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு!

தொழிலிடங்களுக்கு வல்லுநர்கள் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபல், அதுவும் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடந்தான். அதேவேளை திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 2 மீற்றரில் 100 ஆக இருப்பது 8 மீற்றரில் 88 அளவுக்கு வந்துவிடும். பொக்ஸைத் தள்ளி வைக்க ஒரு சதமும் செலவில்லை என்பதால்தான் இதை நம்பிக்கையோடு கேட்கிறோம்.

ஆகவே, பொலிஸார் கொடுக்கும் ஒலிபெருக்கி அனுமதியில், சனம் நிற்கும் இடத்திலிருந்து பொக்ஸ் குறைந்தது 8 மீற்றர் தள்ளி, கயிறு கட்டி மறித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். சனம் நிற்கும் இடத்தில் சத்தம் எவ்வளவு இருக்கலாம் என்பதையும் அதில் எழுதி, விழா நடக்கும்போது மீற்றர் வைத்து அளக்கச் செய்யுங்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை, கழகம் எல்லாவற்றுக்கும் ஒரே விதி இருந்தால் யாருக்கும் மனக்கசப்பு வராது. சவுண்ட் செட் வேலை செய்யும் பெடியங்களுக்குக் காதடைப்பானைக் கட்டாயமாக்கி, வருடம் ஒருமுறை செவிப்புலன் பரிசோதனைக்கும் வழி செய்து தாருங்கள். கைக்குழந்தைகளைப் பொக்ஸுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாமென்று தாய்மாருக்குச் சொல்லும்படி குடும்பநல உத்தியோகத்தர்களையும் கேட்டுக்கொள்ளலாம்.

ஆடி மாத விழாக்கள் தொடங்குமுன் பிரதேச செயலாளர், பொலிஸார், விழாக் குழுவினர், எங்கள் பிரதிநிதிகள் எல்லோரையும் ஒரு கூட்டத்துக்கு அழைக்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மைதானத்தை அண்டிய ஒழுங்கைகளின் குடியிருப்பாளர்கள்,
திருகோணமலை.