சந்தா கட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களிடம் தொழில், வர்த்தகச் சங்கத்தில் சேரச் சொன்னால், "சந்தா கட்டி என்ன கண்டோம்?" என்கிறார்கள். காலண்டரும் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழும்தான் மிச்சம் என்றால் கேள்வி நியாயமே.

ஆனால் பாக்கி வசூலை மட்டும் எடுத்துக்கொள்வோம். குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் கூட்டு வட்டி. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இது. (வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை இல்லை.) சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்கும் கட்டணம் கிடையாது. கப்பலூரில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இதையெல்லாம் சொன்னவர் ஆடிட்டர் அல்ல, சங்கக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரர். பெரிய கம்பெனி மேல் தனியாளாகப் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று எல்லோருக்கும் பயம். சங்கத்தின் லெட்டர்பேடில் போகிற கடிதத்துக்கு அந்தப் பயம் கிடையாது.

1924 முதல் இயங்கும் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம், சிறுதொழில்களுக்கான மடீட்சியா இரண்டும் நம் ஊரிலேயே இருக்கின்றன. அவரவர் தொழிலுக்கு எது ஒத்துவரும் என்று உறுப்பினர்களிடம் விசாரித்துவிட்டுச் சேரலாம்.

சங்கங்கள் எதுவானாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வேலைநாள் பகலில் கூட்டம் வைத்தால், கல்லாவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவர் எப்படி வருவார்? பொன்னாடை போர்த்தும் நேரத்தைக் குறைத்து, ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தவர்கள் சந்தேகம் கேட்க ஒதுக்கலாமே.

– சிறுதொழில் உரிமையாளர், வில்லாபுரம், மதுரை