அந்த கேசட்டை முழுசாகக் கேட்டேன்

கண்ணா,

நன்றாக இருக்கிறாயா? பொங்கலுக்குப் பேசினாய், அதற்கப்புறம் நான் எது அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படம்தான் வருகிறது. சரி, வேலை இருக்கும். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி, பனி இன்னும் விடவில்லை, மற்றபடி எல்லாரும் சுகம். வேளைக்குச் சாப்பிடு.

பேஸ்மென்டை ஒழிக்கும்போது உன் கேசட் பெட்டி கிடைத்தது. கறுப்பு அட்டையில் சிவப்பும் பச்சையுமாக உடம்பில் சாயம் பூசிய பெண், அதுதான், ட்ரைப் கால்ட் குவெஸ்ட் என்ற ஹிப்ஹாப் குழுவின் இரண்டாவது ஆல்பம், 'தி லோ எண்ட் தியரி'. 1991 செப்டம்பரில் வந்ததிலிருந்து அந்த வருஷம் பூராவும் நீ கீழே இதைப் போட்டால் மேலே அடுப்படியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், நான் காலால் தரையைத் தட்டுவேன். இந்த முறை தட்டாமல் கேட்டேன். முதல் பாட்டில் ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் ரெக்கார்டிலிருந்து எடுத்த பேஸ், அந்தக் கனத்த அடிநாதம், மட்டும் நடந்து வருகிறது, அதன்மேல் குழுவின் ராப் பாடகர் க்யூ-டிப் பேச ஆரம்பித்துவிடுகிறார், டிரம் அப்புறம்தான். அவருடைய அப்பா இந்த ஹிப்ஹாப்பைக் கேட்டு, பீபாப் என்கிற பழைய ஜாஸ் ஞாபகம் வருகிறது என்றாராம். உன் அப்பா என்ன சொன்னார் என்பது உனக்கே தெரியும்.

ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ரான் கார்ட்டரையே ஒரு பாட்டுக்கு டபுள் பேஸ் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். கெட்ட வார்த்தை இருக்கக் கூடாது என்று சொல்லித்தான் வந்தாராம். எனக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. பதிமூன்று வயதில் இதன் அருமை தெரிந்து நீ வாங்கினாய் பார், கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லா விஷயத்திலும் இருந்திருக்கலாம்.

ஆனால் நான் எழுத வந்தது குழுவின் இன்னொரு ராப் பாடகர் ஃபைஃப் பற்றி. முதல் ஆல்பத்தில் நாலே பாட்டில்தான் இருந்தார், அது வெளியான அடுத்த மாதமே, 1990 மே மாதம், சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். வயது இருபதுகூட ஆகவில்லை. அப்புறம் க்யூ-டிப் கூப்பிட, இந்த ஆல்பத்தில் முழு மூச்சாக இறங்கினார். இரண்டாவது பாட்டை அவர்தான் தொடங்குகிறார், தன் ஐந்தடி உயரத்தை வைத்தே வம்புக்கு இழுத்துக்கொண்டு. எடுப்பான குரல். டயாலிசிஸ் வார்டில் அத்தனை வருஷம் நின்றவள் நான், அந்தக் குரலை வெறும் பாட்டாகக் கேட்க என்னால் முடியவில்லை. இனிப்பை விட முடியவில்லை என்று 2011-இல் வந்த டாக்குமென்டரியில் அவரே சொல்கிறார். 2008-இல் அவர் மனைவி தன் கிட்னியைக் கொடுத்தார். 2016 மார்ச்சில் போய்விட்டார், நாற்பத்தைந்து வயதில். உன் வயதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அவருடைய அம்மா டிரினிடாடில் பிறந்தவர், கவிஞர். மகனை நினைத்து ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். அப்படி ஒரு புத்தகத்தை எந்த அம்மா எழுத ஆசைப்படுவாள்?

நியூயார்க் குவீன்ஸில், செயின்ட் ஆல்பன்ஸில் அந்தக் குழு கூரைமேல் ஏறிப் பாடிய டிரை கிளீனர் கடை நினைவிருக்கிறதா, லிண்டன் புலிவார்டும் 192-ஆம் தெருவும் சேரும் இடம்? இப்போது அந்தத் தெருமுனைக்கு ஃபைஃப் பெயரை வைத்திருக்கிறார்கள். க்யூ4 பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். ஊரே கொண்டாடுகிறது, எனக்கென்னவோ பெருமையைவிடக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்காதே.

கீதா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளைத் திட்டாதே. டாக்டர் அப்பாயின்ட்மென்டை நீ தள்ளிப்போட்டது எனக்கு எப்படித் தெரியும் என்று ஆராய்ச்சி பண்ணாதே. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடாதே. மாத்திரையை காரில் வைக்காதே, டல்லாஸ் வெயிலில் கெட்டுப்போகும். காலைத் தினமும் பார், விரலிடுக்கில் பார். சொன்னால் 'அம்மா, நீ நர்ஸ் வேலையை விட்டு ரிட்டயர் ஆகிவிட்டாய்' என்பாய். ஆகிவிட்டேன், சரி. வேளைக்குச் சாப்பிடு.

கேசட்டைப் பார்சலில் அனுப்புகிறேன், போட்டுக் கேட்க உன்னிடம் மெஷின் இருக்கிறதா என்று சொல். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, எடுத்ததும் கீதாவிடம் கொடுத்துவிடாமல் நீயே பேசு. ஏ1சி, அந்த மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு, எவ்வளவு என்று நான் கேட்கமாட்டேன். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து முன்னாடியே அனுப்பிவிடு.

அம்மா