கல்லாவில் குறைந்த 150 ரூபாய்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். எட்டாம் வகுப்பில் படித்தபோது தெருமுனை அண்ணாச்சி கடையின் கல்லாப்பெட்டியிலிருந்து மூன்று தடவை, தடவைக்கு ஒரு 50 ரூபாய் நோட்டாக, 150 ரூபாய் எடுத்ததாக எழுதியிருக்கிறாய். தராசில் கை இருக்கும்போது, "பணத்தைப் போட்டுட்டு மிச்சத்தை நீயே எடுத்துக்கோ தம்பி" என்று அவர் உன்னிடம் சொல்வது எனக்கும் நினைவிருக்கிறது. தெருவில் வேறு எந்தப் பிள்ளையிடமும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பந்தயப் போட்டிக்குப் பங்குப் பணம், புரோட்டா என்று அது செலவான கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் மகள் வகுப்புத் தோழியின் ரப்பரை எடுத்து வந்த அன்று அவளைக் கண்டிக்க உனக்கு வாய் எழவில்லை என்றும், அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்து என்னிடம் சொல்லத் தோன்றியது என்றும் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் உண்டு. அது எதைப் பற்றியது என்று விளங்கச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் தொலைபேசியில் பேசாமல் எழுதுகிறேன்.

நான் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவள். மாலையில் கதவைச் சாத்திய பிறகு ரொக்கத்தை எண்ணிக் கணக்கோடு ஒத்துப் பார்க்கும் வேளை எப்படியிருக்கும் என்று நீ சிறுவனாக வங்கியின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். பணம் கூடினால், யாருடையது என்று தெரியும் வரை வைத்திருக்கிற சஸ்பென்ஸ் கணக்கில் அதை வரவு வைப்போம். உரியவர் வந்து கேட்டால் சரிபார்த்துக் கொடுப்போம். குறைந்தால் காசாளர் தன் கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எவ்வளவு குறைந்தது என்பது அங்கே பேச்சே இல்லை. வங்கியின் பணம் என்று வெளியிலிருப்பவர்கள் சொல்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு, குறைகிற ஒவ்வொரு ரூபாயும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தலையில் விழும் என்பது தெரியும். பணம் வைக்கிற எந்தப் பெட்டிக்கும் இது பொருந்தும். சிறிய தொகை, யாருக்கும் நட்டமில்லை என்று எடுப்பவன் நினைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவன் அப்படி நினைக்க முடியாது.

அண்ணாச்சியின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவன் அந்தக் கடைப் பையன். உன்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவன். வானம் பார்த்த பூமியில் விவசாயம் பொய்த்துப்போன ஊரிலிருந்து வந்தவன். அவன் அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கல்லாவில் பணம் குறைவதாக அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்து, செய்தித்தாளை விரித்து நோட்டுகளை எண்ணி முடித்த அன்று நானும் துவரம் பருப்பு வாங்கப் போய்க் கடையில் நின்றிருந்தேன். அவர் அவனை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "பையக் காட்டு" என்று மட்டும் சொன்னார். அவன் கால்சட்டைப் பைகள் இரண்டையும் தலைகீழாக வெளியே இழுத்துக் காட்டினான். பொட்டலம் கட்டுகிற சணல் நூல் துண்டு ஒன்று கீழே விழுந்தது, வேறொன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைப் பார்த்த பிறகும் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று இரவு நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதை உன் அப்பாவிடம் நான் சொன்னேன். அந்தச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை என்று நீ எழுதியிருக்கிற வரியில்தான் நான் வெகுநேரம் நின்றேன்.

ஏனென்றால் அது வரைக்கும் நீ செய்தது ஒரு சிறுவனின் தவறு. நோட்டை எடுத்த கை 13 வயதுப் பிள்ளையின் கை. அந்த வயதில் ஆசையும் பயமும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடும். ஆனால் அந்த இரவு, இன்னொருவன் உன் பழியைச் சுமந்துகொண்டு போகிறான் என்று தெரிந்தும் நீ வாய் திறக்கவில்லை. உன் கடிதம் முழுவதும் நீ 150 ரூபாயைப் பற்றித்தான் அழுதிருக்கிறாய். பையனைப் பற்றி எழுதியது இரண்டு வரி. அவனுக்கு அடுத்து நடந்ததை நீ அறிந்திருக்க மாட்டாய், ஆகையால் சொல்கிறேன். "கல்லாவில் கை வைத்தவன்" என்ற பெயர் அந்தக் கடைவீதியில் ஒரு வாரத்திற்குள் பரவிவிட்டது. வேறு எந்தக் கடையிலும் அவனைச் சேர்க்கவில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் மடித்து, சரக்கின் விலை படித்து, நாளைக்குச் சொந்தமாக ஒரு கடை போடலாம் என்று இருந்த பிள்ளை தீப்பெட்டி ஆலைக்குப் போனான். தொழில் என்று பார்த்தால் அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் அந்த வழியை அவனாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

கழுகுமலைக் கோயில் உண்டியலில் ஒரு முறை 1,000 ரூபாய் போட்டதாக எழுதியிருக்கிறாய். சாமிக்குக் கொடுத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கடன்பட்டது அண்ணாச்சியிடம். முருகனிடம் கட்டினால் அவருடைய கணக்கில் அது வரவாகாது. இப்போது வட்டியோடு ஒரு உறையில் வைத்து, பெயர் எழுதாமல், உன் பள்ளிக்கூட நண்பன் மூலம் கடையில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறாய். வட்டிக் கணக்கு என்னிடம் கேட்டதால் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டு வட்டியில் 150 ரூபாய் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 700 ரூபாய் ஆகும். அண்ணாச்சிக்கு நீ கொடுக்க வேண்டியது அவ்வளவுதான். அந்த 700 ரூபாயில் பையனுக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் போட என்னால் முடியவில்லை. பெயரில்லாத உறை ஒன்று கடைக்கு வந்தால் அண்ணாச்சி என்ன நினைப்பார் என்று யோசித்தாயா? பழைய கடைப் பையனுக்குத்தான் மனம் திருந்திவிட்டது என்று நினைப்பார். உன் பணம் அவன்மேல் இருக்கிற பழிக்கு முத்திரை குத்திவிடும்.

அமெரிக்கக் கருவூலத்தில் மனச்சாட்சி நிதி என்று ஒரு கணக்கு இருப்பதாக முன்பு படித்திருக்கிறேன். 1811இல் யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் அனுப்பிய 5 டாலரில் தொடங்கியது. அரசை ஏமாற்றியவர்கள் இன்றும் அதற்குப் பணம் அனுப்புகிறார்கள். அரசாங்கத்திடம் பட்ட கடனில் எதிரில் ஒரு முகம் இல்லை, ஆகையால் அங்கே பெயரில்லாமல் அனுப்புவது போதும் என்று வைத்துக்கொள்ளலாம். உன் விஷயத்தில் இரண்டு முகங்கள் இருக்கின்றன, இரண்டும் இந்த ஊரிலேயே இருக்கின்றன.

இப்போது போய்ச் சொன்னால் வழக்கு, போலீஸ் என்று ஏதாவது ஆகுமோ என்று உன் மனைவி பயப்படுவதாக எழுதியிருந்தாய். பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது எடுத்த 150 ரூபாய்க்காக இத்தனை காலம் கழித்து யாரும் காவல் நிலையத்துக்குப் போகப் போவதில்லை என்று அவளிடம் சொல். இன்றைய சட்டமே இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு, திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை என்று சொல்லிவிட்டு, களவுபோனதன் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, செய்தவர் முதல் தடவையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை என்கிறது. திருப்பிக் கொடு என்பதைத்தான் சட்டமும் முன்னால் வைக்கிறது.

நேரில் நின்று சொல்ல நாக்கு வராது என்கிறாய். அது எனக்குப் புரிகிறது. காந்திக்கும் வரவில்லை. அண்ணனுடைய 25 ரூபாய்க் கடனை அடைப்பதற்காக, அதே அண்ணனின் கைக்காப்பிலிருந்து ஒரு துண்டுத் தங்கத்தை வெட்டி எடுத்தபோது அவருக்கு வயது 15. அப்பாவிடம் வாயால் சொல்லத் துணிவில்லாமல் ஒரு காகிதத்தில் எழுதினார். பெரும்பாலோர் இந்தக் கதையில், அப்பா கண்ணீர் விட்டார், காகிதத்தைக் கிழித்தார் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய நொடிதான் பெரிதாகத் தெரிகிறது. பவுத்திரத்தால் படுத்த படுக்கையாக மரப்பலகைமேல் கிடந்த அப்பாவிடம் அந்தக் காகிதத்தை நடுங்கிக்கொண்டே தன் கையால் கொடுத்துவிட்டு, அந்தப் பலகைக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். அப்பா எழுந்து உட்கார்ந்து படித்து முடிக்கும் வரை எழுந்து போகவில்லை. தனக்குத் தண்டனை தர வேண்டும் என்றும் அந்தக் காகிதத்தில் கேட்டிருந்தார். நீயும் எழுதிக்கொண்டு வா, தவறில்லை. ஆனால் உன் கையால் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்.

அதற்குப் பிறகு இன்று வரை யாருடைய காசையும் தொட்டதில்லை, அலுவலகத்தின் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை என்று எழுதியிருக்கிறாய். கை சுத்தமானவன் என்று உன்னைப் பற்றி எல்லோரும் சொல்லக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமையை இப்போதும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும், உன் நேர்மை உன் கையோடு நின்றுவிட்டதோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. எடுக்காமல் இருக்க நீ பழகிவிட்டாய். எடுத்ததைச் சொல்லப் பழகவில்லை. உன் பதவியில் நாளைக்கு உனக்குக் கீழே ஒரு கணக்கு தவறினால், அது யார் தலையில் விழுகிறது என்று பார்த்துவிட்டு, "தவறு என்னுடையது" என்று நீ முதலில் சொல்வாயா? 13 வயதில் முடியாமல் போனது இந்த வயதில் முடிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். முதலில் அண்ணாச்சியிடம் போ. இப்போது கடையை அவர் மகன் பார்த்துக்கொள்கிறார். கல்லாவுக்கு மேலே க்யூஆர் அட்டை தொங்குகிறது. அண்ணாச்சி மூட்டுவலியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காது மந்தம். கடையில் ஆள் இருக்கிறார்களே என்று கூசி நீ மெதுவாகப் பேசினால் அவருக்குக் கேட்காது, உரக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கும். பணத்தைக் கொடு. பையன் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று சொல். அவர் "சின்னப் புள்ளையில செஞ்சது, போகுது விடு" என்று சொல்லிவிடக் கூடியவர். அதைக் கேட்டு மனம் லேசாகித் திரும்பி வந்துவிடாதே. பையனைப் பற்றி அந்த வீதியில் தாம் சொன்னதை அவரே மாற்றிச் சொல்ல வேண்டும் என்று கேள். அதைக் கேட்கிற கடமை உனக்குத்தான் இருக்கிறது.

பிறகு அவனிடம் போ. அவன் இப்போது சொந்தமாக லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். காலையில் மார்க்கெட் பக்கம் நிற்பான். உன்னை அவனுக்கு அடையாளம் தெரியும். என்னைப் பார்த்தால் உன் நலம் விசாரிப்பான். அவனிடம் சொல்லும்போது வயது, வறுமை, பயம் என்று எந்தக் காரணத்தையும் முன்னால் வைக்காதே. நமக்கு வறுமையும் இல்லை. மன்னித்துவிடு என்று உடனே கேட்டு அவனை இக்கட்டில் மாட்டாதே. எதிரில் ஆள் நின்று கேட்டால், நம் ஊரில் பெரும்பாலும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவார்கள். அது அவனுக்கும் உண்மையாக இருக்காது, உனக்கும் பயன்படாது. அவன் கோபப்பட்டால் கேட்டுக்கொள். பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனாலும், மறுபடி ஒரு நாள் போ. அவனுக்குப் பணம் கொடுக்க நினைக்கிறாய் என்றால், அன்றைக்கே நீட்டாதே. வாயை மூடக் கொடுப்பதாக அவனுக்குத் தோன்றும். அவனுடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் செய்ய வேண்டிய உதவி ஏதாவது இருந்தால் அவனிடமே கேட்டு, அவன் சம்மதித்தால் செய்.

பேத்தியின் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வயதுக் குழந்தை எடுத்து வந்த ரப்பரைத் திருட்டு என்று சொல்லாதீர்கள். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்கிற எதுவும் குற்றமாகாது என்று 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் சொன்னது. புதிய சட்டமும் அதை மாற்றவில்லை. ஆனால் ரப்பர் திரும்பப் போக வேண்டும். ஆசிரியையிடம் நீ கொடுத்துவிட்டு வந்தால் அவள் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. வகுப்பு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னால், அடுத்த தடவை ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்வாள். பள்ளி விடும் நேரத்தில் அவளோடு போய், அந்தத் தோழியின் கையில் அவளே கொடுத்து, "இது உன்னுது, நான் எடுத்துட்டேன்" என்று சொல்ல வை. சொன்ன பிறகு வீட்டில் அதைப் பற்றி மறுபேச்சு வேண்டாம். உண்மையைச் சொன்னால் வீடு தன்னைக் கைவிடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உனக்கும் அது தெரியட்டும் என்றுதான் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அண்ணாச்சியிடமோ அவனிடமோ நான் முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். வழி ஏற்படுத்திக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்காதே. பொங்கலுக்குத்தான் வருவது என்று தள்ளிப் போட வேண்டாம். பண்டிகை நெருக்கத்தில் கடையில் நின்று பேச இடம் இருக்காது, அவனுக்கும் சவாரி ஓயாது. அடுத்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டு எனக்குத் தெரியப்படுத்து. சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிடுவார்கள், ஆகையால் காலையிலேயே போவது நல்லது.

அன்புடன்,
அம்மா