லினக்ஸ் சவுண்டா பிஎஸ்டி சவுண்டானு டெஸ்ட் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ்ல பாட்டு தட்டையா இருக்கு, பிஎஸ்டி குடும்பத்து ஓஎஸ்ஸான ஃப்ரீபிஎஸ்டில அதே பாட்டு விரிஞ்சு கேக்குதுன்னு வாரம் ஒரு டெஸ்ட் போடுற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். உங்க காதைக் குறை சொல்ல வரல. வித்தியாசம் நிஜமாவே கேட்டிருக்கலாம். ஆனா அதைத் தூக்கி நேரா கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) தலையில கட்டுறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது.

நீங்க போட்டுக் கேக்குறது பெரும்பாலும் சிடில இருந்து ரிப் பண்ண ஃப்ளாக் ஃபைல், அதாவது 44,100 ஹெர்ட்ஸ், செகண்டுக்கு அத்தனை சாம்பிள். லினக்ஸ்ல இப்போ சவுண்டைப் பாத்துக்குற சர்வர் பைப்வயர் (ஃபெடோரா 34ல, 2021லயே டீஃபால்ட்டா வந்தாச்சு), கான்ஃபிக்ல கை வைக்கலன்னா அது 48,000லதான் ஓடும். இன்னொரு பிஎஸ்டியான ஓப்பன்பிஎஸ்டியோட எஸ்என்டிஐஓ சவுண்ட் சர்வரும் சும்மா விட்டா 48,000தான், ஃப்ரீபிஎஸ்டில விசான் (பல ஆப் சத்தத்தை ஒண்ணா கலக்குற விர்ச்சுவல் சேனல்) ஆன்ல இருந்தா அங்கயும் அதே கதை. ஆக மூணு பேருமே 147 சாம்பிளை 160 ஆக்கித்தான் டிஏசிக்கு (டிஜிட்டலை அனலாக் சத்தமா மாத்துற சிப்) அனுப்புறாங்க, ரீசாம்பிளிங்னு பேரு, அதை ஆளாளுக்கு ஒரு விதமா பண்றாங்க. ஃப்ரீபிஎஸ்டி டீஃபால்ட்டா லீனியர் இன்டர்பொலேஷன் போடும், ரெண்டு புள்ளிக்கு நடுவுல நேர்கோடு இழுக்குற வேலை, சிபியுக்கு லேசு, ஆனா ட்ரெபிள்ல கைவரிசையைக் காட்டும். ஃபீடர் ரேட் குவாலிட்டிங்கிற செட்டிங்கை 2 இல்ல அதுக்கு மேல ஏத்தினா, இன்னும் துல்லியமான சிங்க் ரீசாம்பிளருக்கு மாறிடும். அதனால நீங்க இத்தனை நாளா கம்பேர் பண்ணது ஓஎஸ்ஸை இல்ல, ரீசாம்பிளரை.

நம்பிக்கை இல்லன்னா லினக்ஸ்ல பாட்டு ஓடும்போதே டெர்மினலைத் தொறந்து, ப்ராக் ஃபோல்டருக்குள்ள ஏசவுண்ட், அதுக்குள்ள உங்க கார்டு, பிசிஎம்னு இறங்கிப் போய் எச்டபிள்யூ பேராம்ஸ் ஃபைலை கேட் கமாண்ட் போட்டுப் பாருங்க. ரேட்னு ஒரு வரி வரும். 44,100 ஃபைல் ஓடிட்டிருக்க, அங்க 48000ன்னு நின்னா அந்த டெஸ்ட்டை அப்பவே மூடிடலாம்.

ஃப்ரீபிஎஸ்டி ஆளுங்க பிட்பெர்ஃபெக்ட்டை (சத்தத்தை மாத்தாம அப்படியே அனுப்புற செட்டிங்) 1 ஆக்கிட்டேன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கிறாங்க, சரி, விசானை ஆஃப் பண்ணீங்களா? பண்ணலன்னா விசானோட ரேட்டுக்குத்தான் போகும், மேனுவல்லயே போட்டிருக்கு. (மேனுவல் படிக்கிறதுதான் பிஎஸ்டிகாரங்க பெருமைன்னு கேள்விப்பட்டேன்.)

எல்லாத்தையும் சரி பண்ணி, ரெண்டு பக்கமும் ஒரே பிட் போய்ச் சேருதுன்னு வைங்க. டிஏசி அசின்க்ரனஸ் யுஎஸ்பியா இருந்தா க்ளாக்கும் அதோடதுதான், கம்ப்யூட்டர்கிட்ட டேட்டாவை மட்டும் கேட்டு வாங்கிக்கும். அதுக்கப்புறம் பிஎஸ்டில பேஸ் கெட்டியா இருக்குன்னு சொன்னா நான் முதல்ல வால்யூமைத்தான் சந்தேகப்படுவேன், கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதை நல்ல சவுண்டுன்னு எடுத்துக்கும்.

ஓஎஸ்ஸுக்கு ஓஎஸ் நிஜமா மாறுற இடம் அண்டர்ரன், அதாவது டேட்டா நேரத்துக்கு வந்து சேராம பாட்டு வெட்டுறது. பின்னாடி பெருசா ஒரு கம்பைல் ஓட விட்டுட்டு பாட்டு எத்தனை தடவை வெட்டுதுன்னு எண்ணுங்க, பைப்வயர்ல பிடபிள்யூ டாப் கமாண்ட் காட்டுற எரர் காலம் (column) இருக்கு, ஓப்பன்பிஎஸ்டில ஆடியோசிடிஎல் கமாண்ட்ல ப்ளே எரர்ஸ் இருக்கு. பஃபர் (முன்கூட்டியே சேத்து வைக்கிற டேட்டா) சைஸையும் ரெண்டு பக்கமும் ஒண்ணா வைங்க, 48,000ல 1024 ஃப்ரேம்னா சுமார் 21 மில்லிசெகண்ட். சும்மா பாட்டு கேக்குறவருக்கு அரை செகண்ட் பஃபர் இருந்தாலும் ஒண்ணும் குடி முழுகிடாது, கீபோர்டு வாசிக்கிறவருக்கு 21 மில்லிசெகண்டே இழுக்கும். 2024ல லினக்ஸோட 6.12 கெர்னல்ல, வேலையைச் சொன்ன நேரத்துக்கு முடிக்க வைக்கிற ரியல்டைம் பேட்ச் மெயின்லைனுக்கே (அதிகாரப்பூர்வ கெர்னலுக்கே) வந்துருச்சு, அதை வச்சு ஒருத்தர் ஒழுங்கா டெஸ்ட் போட்டா நான் உக்காந்து முழுசா படிப்பேன்.

அடுத்த தடவை உள்ள போன ரேட், வெளிய வந்த ரேட் ரெண்டையும் போடுங்க, வால்யூமை காதால இல்லாம மீட்டர் வச்சு 0.1 டெசிபலுக்குள்ள மேட்ச் பண்ணுங்க, முடிஞ்சா டிஜிட்டல் லூப்பேக்ல (வெளிய போறதை அப்படியே உள்ள திருப்பி) ரெண்டு ஓஎஸ்லயும் ரெக்கார்ட் பண்ணி ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சு மிச்சம் என்னன்னு காட்டுங்க. மேக்கையும் சேத்துக்குற ஆளுங்க ஆடியோ மிடி செட்டப்ல என்ன ரேட் வச்சிருந்தீங்கன்னு ஸ்க்ரீன்ஷாட் போடுங்க, அது இல்லாத டெஸ்ட்டுக்கு இனிமே நான் கமெண்ட் போடுறதா இல்ல.